ஸ்கூட்டருக்கு எந்த டயர்? வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால், ஸ்கூட்டர் டயர் மாற்றுவது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எந்தக் கம்பெனி டயர் நல்லது?" என்ற ஒரே கேள்வியையே வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தன. என்னைக் கேட்டால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்பாகப் பார்க்க வேண்டியவை எல்லாம் உங்கள் வண்டியின் டயரிலேயே எழுதப்பட்டிருக்கின்றன என்பதால், முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீண்டுவிட்டது.

கேள்வி: என்னிடம் இருப்பது அக்டிவா 6ஜி. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின் டயரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் ஒரு கம்பெனியைச் சொல்கிறார், என் கணவர் இன்னொன்றைச் சொல்கிறார், கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றை எடுத்து நீட்டுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மூவரையும் சிறிது நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஈரத் துணியால் பின் டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு, செல்போன் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் கறுப்பின் மேல் கறுப்பாக இருக்கும் எழுத்துகள் கண்ணுக்குப் படாது. சாய்வாக அடித்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் விழுந்து, வரி முழுவதும் தெளிவாக எழும்பி நிற்கும்.

உங்கள் வண்டியின் பின் டயரில் 90/100-10 என்றும், அதை அடுத்து 53 ஜே என்றும் இருக்கும். முதலில் உள்ள 90 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்துள்ள 100 என்பது டயரின் உயரம் (ரிம்மின் விளிம்பிலிருந்து சாலையைத் தொடும் பரப்பு வரை) அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் குறிப்பது. அதாவது இங்கே உயரமும் 90 மில்லிமீட்டர்தான். கடைசியில் உள்ள 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். முன் சக்கரத்தில் 90/90-12 என்றிருப்பதைக் காண்பீர்கள். அகலம் ஒன்றே என்றாலும் ரிம் இரண்டு அங்குலம் பெரியது என்பதால், முன் டயர் பின்னாலும் பின் டயர் முன்னாலும் ஏறாது. பழைய அக்டிவாக்களில் இரண்டு சக்கரங்களுக்கும் 90/100-10 தான். ஜூபிடரில் இரண்டுக்கும் 90/90-12. அந்த நினைப்பில் "அக்டிவாவுக்கு ஒரு டயர்" என்று மட்டும் சொல்லி வாங்கிவந்து, மறுநாள் திருப்பிக் கொடுக்க அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போகும்போது வண்டியின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, டயரைப் படம் எடுத்துக்கொண்டு போவது.

அடுத்தது 53 என்ற எண். இது அந்த டயர் தாங்கக்கூடிய சுமைக்கான குறியெண். 53 என்றால் 206 கிலோ, 54 என்றால் 212 கிலோ. ஜே என்ற எழுத்து, அந்தச் சுமையுடன் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை ஓடலாம் என்பதைக் குறிக்கும். வேகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, சுமையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். வண்டியின் எடை ஏறத்தாழ 106 கிலோ. நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து 140 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதோடு கால் வைக்கும் இடத்தில் 25 கிலோ அரிசி மூட்டையும் ஏறினால், மொத்தம் 271 கிலோ ஆகிறது. ஸ்கூட்டரில் எஞ்சின் பின் சக்கரத்தோடு ஒட்டியே இருக்கிறது, பின்னால் அமர்பவரும் ஏறக்குறைய அதன் மேலேயே அமர்கிறார் என்பதால், இந்தப் பாரத்தில் பெரும்பங்கு பின் டயரின் மேல்தான் இறங்குகிறது. பின் டயர் முன் டயரைவிட முன்னதாகத் தேய்வதற்கும் இதுவே முதற்காரணம். வண்டியை உந்தித் தள்ளும் வேலையும் அதனுடையதே என்பது அடுத்த காரணம். ஆகவே பழைய டயரில் உள்ள குறியெண்ணுக்குக் குறைவான டயரை, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாது. ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் தவறில்லை.

இனி தேதி. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றிருந்தால், 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில், அதாவது ஜூன் தொடக்கத்தில் செய்தது என்று பொருள். இதைப் பார்க்காமல் வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் டயர் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வண்டியைக் கழுவும்போதுதான் அந்த எண் கண்ணில் பட்டது; மூன்றாண்டுகள் கடை மாடியில் வெயிலில் காய்ந்துகிடந்த டயர் அது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "புதுசுதான் சார், ஸ்டிக்கர்கூடக் கிழிக்கல" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதும் ஒருவகையில் உண்மைதான். ஓராண்டுக்குள் செய்த டயரைத் தரச் சொல்லிக் கேளுங்கள். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே கேளுங்கள், ஏற்றிய பின் கேட்டுப் பயனில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதனுடன் ஐ.எஸ். 15627 என்ற தர எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரு, மூன்று சக்கர வாகன டயர்களுக்கான இந்தியத் தரம் அது. டயர்களுக்கு இந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2009-இல் பிறப்பித்தது. வண்டியோடு வந்தது டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர் என்றால் புதிய டயரிலும் அந்தச் சொல் இருக்க வேண்டும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுழலுமோ அந்தப் பக்கமே அம்பு பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பி மாட்டிவிடும் கடைகள் உண்டு என்பதால், இதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகுதான் கம்பெனி. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., மதுரைக்கு அருகில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப், சியட், ஜே.கே., அப்போலோ, மிஷலின் என்று பெயர் பெற்றவை எல்லாமே உங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும். இவற்றுள் ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்த நான் விரும்பவில்லை. காரணம், ஒரே கம்பெனியே ஒரே அளவில் இரண்டு மூன்று வகை டயர்களை விற்கிறது; அவற்றிடையே உள்ள வேறுபாடு கம்பெனிகளிடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. கெட்டியான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் பிடிமானம் சற்றுக் குறையும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். கடையில் "எந்தக் கம்பெனி?" என்று கேட்பதைவிட, "இது உழைப்புக்கான டயரா, பிடிமானத்துக்கான டயரா?" என்று கேளுங்கள். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவராக இருந்தால் பிடிமானத்தின் பக்கம் சாய்வதே நல்லது, ஏனெனில் உங்கள் டயர் தேய்ந்து முடிவதற்கு முன் எப்படியும் வயதாகிவிடும். வண்டியோடு வந்த டயரில் இந்த நான்கு ஆண்டுகளில் குறை ஒன்றும் காணவில்லையென்றால், அதே டயரைத் திரும்ப வாங்குவதும் நல்ல முடிவே.

கேள்வி: டயர் "மொட்டை" ஆகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? பார்த்தால் இன்னும் பட்டன் இருப்பதுபோல்தான் தெரிகிறது.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பட்டன்கள் எனப்படும் ரப்பர் மேடுகளுக்கு இடையே ஓடும் பள்ளத்துக்குள் உற்றுப் பார்த்தால், ஆங்காங்கே ரப்பரால் ஆன சிறு திட்டுகள் குறுக்கே இருப்பதைக் காணலாம். அந்த இடத்துக்கு நேராகப் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ இருக்கும். பட்டனின் மேற்பரப்பு தேய்ந்து அந்தத் திட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டதென்றால் டயரின் கதை முடிந்தது. இருசக்கர வாகனங்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மில்லிமீட்டர், அது சட்டத்தின் எல்லையே தவிர, பாதுகாப்பின் எல்லை அன்று. மழைக்காலம் நெருங்கும்போது ஒன்றரை மில்லிமீட்டர் அளவிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம்.

ஓரங்களில் பட்டன் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் ஊர்களில் ஸ்கூட்டர் பெரும்பாலும் நேர்ச்சாலையில் நிமிர்ந்தே ஓடுவதால் நடுப்பகுதிதான் முதலில் தேயும். வட்டமாக இருக்க வேண்டிய டயர் நடுவில் தட்டையாகிவிட்டால், திரும்பும்போது வண்டி முதலில் சாய மறுத்துப் பின்பு திடீரென்று சாய்வதுபோல் தோன்றும்; அந்த உணர்வு வந்துவிட்டால் அளந்து பார்க்கவே வேண்டாம். மாறாக, இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் நன்றாக இருந்தால், நீங்கள் காற்றுக் குறைவாகவே ஓட்டிவந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி: என் அக்டிவாவின் பின் சக்கரத்தில் கொஞ்சம் அகலமான டயர் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 100/90-10 அல்லது 110/90-10 போடலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து அங்குல ரிம் என்பது 254 மில்லிமீட்டர். இப்போதுள்ள 90/100-10 டயரின் உயரமான 90-ஐ மேலும் கீழும் கூட்டினால் மொத்த விட்டம் 434 மில்லிமீட்டர். 100/90-10 டயருக்கும், 100-இல் 90 சதவீதம் 90 என்பதால், விட்டம் அதே 434 தான். அகலம் மட்டுமே 10 மில்லிமீட்டர் கூடுகிறது. 110/90-10 டயருக்கோ உயரம் 99, விட்டம் 452. சக்கரத்தின் சுற்றளவு நூற்றுக்கு நான்கு பங்கு கூடிவிடும், பின்புறம் 9 மில்லிமீட்டர் உயரும், வண்டி கிளம்பும் வேகம் சற்று மந்தமாகும்.

யமஹா ஃபாசினோவில் 110/90-10 டயர் கம்பெனியிலேயே வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ரிம், மட்கார்டு, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி எல்லாமே அந்த டயரை நினைத்துச் செய்யப்பட்டவை. குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் இரு விளிம்புகளும் உள்நோக்கி இழுக்கப்பட்டு, டயர் உருண்டு திரண்டு நிற்கும்; தரையில் படும் பரப்பு நீங்கள் எதிர்பார்த்ததுபோல் கூடுவதில்லை, சில நேரங்களில் குறையவும் செய்யும். எடுப்பாகத் தெரிவது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே. இதோடு, இருவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது டயர் உள்ளே எங்காவது உரசுகிறதா என்பதைக் கடையில் நின்றபடி யாராலும் சொல்ல முடியாது. 100/90-10 பொருந்திவிட்டதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் நான் போட மாட்டேன்.

முன் சக்கரத்தில் அளவை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். கேபிள் வைத்த பல ஸ்கூட்டர்களில் ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்துதான் சுழற்சியைப் பெறுகிறது. அளவு மாறினால் அது காட்டும் வேகமும் ஓடிய கிலோமீட்டரும் பொய்யாகிவிடும்.

கேள்வி: டியூப்லெஸ் டயர், பஞ்சர் எதுவும் இல்லை, ஆனாலும் நான்கு நாளுக்கு ஒருமுறை பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிடுகிறது. டயரை மாற்றியும் அதே கதை. உள்ளே டியூப் போட்டுவிடலாம் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். சரியா?
– உப்பளத்தில் பணிபுரியும் வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் பணிபுரியும் இடத்தைச் சொன்னதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. டியூப்லெஸ் டயரில் காற்றை அடைத்து நிறுத்துவது டயரின் விளிம்பும் ரிம்மின் உட்புறமும் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் அந்த ஓரமே. இரும்புத் தகட்டால் செய்த ரிம்மில் அந்த ஓரம் துருப்பிடித்துச் சொரசொரப்பானால், புது டயரே போட்டாலும் காற்று கசியத்தான் செய்யும். உப்புக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

முதலில் சக்கரத்தைக் கழற்றாமலேயே சோதித்துவிடலாம். ஒரு கிண்ணத்தில் சோப்பு நீரைக் கரைத்து, பிரஷ்ஷால் ரிம்மின் ஓரம் முழுவதும், பிறகு வால்வின் அடியிலும் தடவிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பஞ்சரைப்போல் பெரிய குமிழி வராது. கடுகு அளவில் நுரை பொங்கிக்கொண்டே இருக்கும், அதுதான் கசியும் இடம். வால்வின் அடியில் நுரைத்தால், மலிவான ரப்பர் வால்வை மாற்றுவதோடு வேலை முடிந்தது. டயர் மாற்றும்போதெல்லாம் வால்வையும் மாற்றச் சொல்ல வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். பழைய வால்வின் ரப்பர் வெடித்து, புது டயருக்குக் கெட்ட பெயர் வருவது வழக்கமாகிவிட்டது. ரிம்மின் ஓரத்தில் நுரைத்தால், டயரைக் கழற்றி, துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் தேய்த்தெடுத்து, பெயின்ட் அடித்துக் காயவிட்ட பிறகு ஏற்ற வேண்டும். தேய்த்த பின்னும் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் குழிகள் இருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டியதுதான்.

டியூப் போடுவது ஊர் போய்ச் சேரும் வரைக்குமான ஏற்பாடாக இருக்கட்டும். டியூப்லெஸ் டயரின் உட்புறம் டியூப் உரசுவதற்கென்று செய்யப்பட்டதன்று. ஓட ஓட உரசிச் சூடேறும். ஆணி குத்தினால் டியூப்லெஸ் டயர் ஆணியைக் கவ்விக்கொண்டு மெதுவாகக் காற்றை விடும். டியூப்போ கிழிந்து, வால்வுத் துளை வழியாக ஒரேயடியாகக் காற்றை இறக்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அந்த நொடியிலேயே போய்விடுகிறது.

கேள்வி: மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவனுடைய ஸ்கூட்டர் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது. மொத்தமே 4,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பட்டன் புதிதுபோல் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள். டயரில் 1820 என்று இருக்கிறது. மாற்ற வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: மாற்ற வேண்டும் ஐயா. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ செய்த டயர் அது. டயரின் ரப்பரோடு கலக்கப்படும் பாதுகாப்பு மெழுகு, டயர் ஓடி வளைந்து நிமிரும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமல் காக்கிறது. ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த மெழுகு போதிய அளவில் மேலே வருவதில்லை. வெயிலும் சேர்ந்துகொண்டால் வெடிப்பு தவிர்க்க முடியாதது. ஓட்டாமல் வைத்திருந்ததே டயருக்குக் கேடாகிவிட்டது. ஐந்தாண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுக்கொருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. வெடிப்பு கண்ட டயருக்கு அந்தச் சலுகையும் இல்லை. புதிய டயர் போட்ட பிறகு, தினமும் பத்து நிமிடம் நீங்களே ஒரு சுற்றுப் போய்வாருங்கள்; முடியாவிட்டால் நிழலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றைக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயர் விலை குறைந்துவிட்டது என்கிறார்கள், கடையில் அப்படித் தெரியவில்லையே? இரண்டு டயரையும் ஒன்றாக மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 1,250 ரூபாய் மதிப்புள்ள ஒரு டயர் அதற்கு முன் 1,600 ரூபாய்க்கு விற்றது என்றால், இப்போது 1,475 ரூபாய்க்கு விற்க வேண்டும். ரசீது கேளுங்கள், வரி எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்கும். பிற்காலத்தில் டயரில் உற்பத்திக் குறை தெரிந்தால் கம்பெனியிடம் முறையிடுவதற்கும் அந்தத் தாள்தான் வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. முன் டயரில் பட்டனும் வயதும் சரியாக இருந்தால் பின் டயரை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டருக்குத் தனி டயர் உண்டா? என்னுடையது ஐக்யூப். பஞ்சர் கடைக்காரர்கள் பின் சக்கரத்தைத் தொடவே தயங்குகிறார்கள்.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் வண்டியில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து தடித்த கம்பிகள் வெளியே வருகின்றன. சக்கரத்தை முழுவதும் கழற்ற வேண்டுமானால் மின் இணைப்பைத் துண்டித்து, கம்பியை இழுக்காமல் எடுத்து, திரும்பவும் அதே வரிசையில் பொருத்த வேண்டும். சாதாரணப் பஞ்சரை, சக்கரத்தைக் கழற்றாமல் வெளியிலிருந்தே அடைத்துவிடலாம். டயர் மாற்றுவதை மட்டும் இந்த வண்டிகளைக் கையாண்டு பழகிய சர்வீஸ் நிலையத்திலேயே செய்துகொள்ளுங்கள். கனமான சக்கரம் என்பதால் ரிம்மில் கம்பியைப் போட்டு நெம்பும்போது கீறல் விழுவதும் எளிது.

அளவு 90/90-12 தான், சாதாரண ஸ்கூட்டருக்கு உள்ளதே. ஆனால் பேட்டரியின் எடையும், திருகிய நொடியிலேயே முழு விசையும் சக்கரத்துக்கு வந்துவிடும் மோட்டாரின் இயல்பும் சேர்ந்து பின் டயரைக் கூடுதலாகத் தேய்க்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் முறுக்கிக்கொண்டு கிளம்பும் பழக்கம் இருந்தால் அதன் விலையை டயரில் கொடுப்பீர்கள். சுமைக் குறியெண்ணைப் பழைய டயரோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவது இங்கே இரு மடங்கு முக்கியம்.

கேள்வி: மலைப் பாதையில் தினமும் ஏறி இறங்குகிறேன். மழையில் வழுக்காமல் இருக்க ஆழமான, கரடுமுரடான பட்டன் உள்ள டயர் போடலாமா? பழைய டயர்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன, அவற்றை வாங்கலாமா?
– தேயிலைத் தோட்ட அலுவலர், கோத்தகிரி

பதில்: மண் பாதைக்கென்று செய்த பெரிய பட்டன்கள் தார்ச்சாலையில் எதிர்மாறாகவே வேலை செய்யும், பட்டன்களுக்கு இடையே வெற்றிடம் அதிகம் என்பதால், சாலையைத் தொடும் ரப்பர் குறைந்துவிடும். ஸ்கூட்டர் ஓடும் வேகத்தில், உருண்டையான குறுகிய டயர் தண்ணீரை எளிதாகக் கிழித்துக்கொண்டு போய்விடும். வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: முதல் தூறலில் தூசியும் எண்ணெயும் குழைந்து படரும் படலம், சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகள், பாலத்தின் இரும்புப் பட்டைகள், உங்கள் பக்கத்தில் பாசி பிடித்த வளைவுகள். இவற்றுக்கு மென்மையான ரப்பரும் சரியான காற்றும்தான் துணை.

காற்றின் அளவு வண்டியிலும் கையேட்டிலும் எழுதியிருக்கும். அக்டிவா வரிசையில் முன்னால் 22, பின்னால் ஒருவர் மட்டும் என்றால் 29, இருவர் என்றால் 36 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடைகளில் எல்லா வண்டிக்கும் பொதுவாக 35, 40 என்று ஏற்றிவிடுவார்கள். முன் டயரில் அவ்வளவு காற்று இருந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி துள்ளி நழுவும். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்கிறது என்பதால், முன் டயரின் நிலையும் பின் டயருக்குச் சமமாக முக்கியமாகிவிட்டது. புது டயர் போட்ட முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அதன் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். மலையில் அந்த நாட்களில் சாய்த்துத் திருப்புவதைத் தவிருங்கள்.

பழைய டயர் வேண்டாம். அதன் உள்ளே எத்தனை பஞ்சர் ஒட்டப்பட்டிருக்கிறது, எந்தக் கல்லில் இடித்து உள்நூல் அறுந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பக்கவாட்டில் பஞ்சர் ஒட்டிய டயர் என்றால், உங்கள் வண்டியில் ஏற்கெனவே உள்ளதாக இருந்தாலும், கழித்துவிடுங்கள்.

கேள்வி: என் தந்தையாரின் பஜாஜ் சேத்தக்கை மீண்டும் ஓடவைக்க முயல்கிறேன். அதன் டயர் அளவு இப்போது கிடைக்குமா? டியூப்லெஸ்ஸாக மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: சேத்தக்கின் டயரில் 3.50-10 என்று பழைய முறையில் எழுதியிருக்கும். மூன்றரை அங்குல அகலம், பத்து அங்குல ரிம். இந்த அளவு இப்போதும் கிடைக்கிறது. முன், பின், ஸ்டெப்னி மூன்றும் ஒரே அளவு என்பது அந்த வண்டியின் பெரிய வசதி. பின் டயர் பாதி தேய்ந்ததும் ஸ்டெப்னியோடு மாற்றிப் போட்டு, மூன்று டயரையும் சமமாகத் தேய வைப்பார்கள் அந்தக் காலத்தவர்கள்.

டியூப்லெஸ்ஸாக மாற்ற முடியாது. அதன் ரிம் ஒரே துண்டு அன்று. இரண்டு பாதிகளை நட்டுப் போட்டு இணைத்தது. இணைப்பு வழியே காற்று போய்விடும் என்பதால் டியூப் இருந்தே ஆக வேண்டும். அதுவும் வளைந்த வால்வு உள்ள டியூப்பாகப் பார்த்து வாங்குங்கள். நேரான வால்வு பிரேக் டிரம்மை இடிக்கும். ரிம் இரண்டாகப் பிரிவதால் நெம்புகோல் எதுவும் இல்லாமல் வீட்டு வாசலிலேயே டயர் மாற்றிவிடலாம், ஆனால் கையாளும் முறை தெரிந்திருக்க வேண்டும். மையத்தை ஒட்டியுள்ள நட்டுகள் சக்கரத்தை டிரம்மோடு பிணைப்பவை. மற்றவை ரிம்மின் இரு பாதிகளையும் பிணைப்பவை. சக்கரத்தைக் கழற்றும்போது முன்னவற்றை மட்டும் கழற்றுங்கள். பிறகு சக்கரத்தைத் தரையில் கிடத்தி, வால்வுக்குள் இருக்கும் ஊசியையே திருகி எடுத்து, டயரை முழங்காலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சமும் காற்று இல்லை என்று உறுதியான பின்னரே இரண்டாவது வகை நட்டுகளில் கை வையுங்கள். உள்ளே காற்று இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால், ரிம்மின் பாதி முகத்தை நோக்கித் தெறிக்கும்.